ஔவையார் ஒருவரா, பலரா?

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் வீட்டுப்பாடத்தில் தொடங்கிய கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் சங்ககாலத்தவர், கம்பரோடு வாதம் செய்தவர் சோழர் காலத்தவர், இடையில் ஆயிரம் ஆண்டு ஓடியிருக்கிறதே என்று மகள் கேட்டாளாம். நெல்லிக்கனி தின்றதால் ஔவைப்பாட்டி சாகாமல் இருந்தாள் என்று மாமியார் சொல்ல, மகள் அதை ஒப்புக்கொள்ளவில்லையாம். எத்தனை ஔவையார் என்று எண்ணிக்கை கேட்பதாக உங்கள் கேள்வி தோன்றினாலும் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரே பெயரில் கைக்கு வந்த பாடல்களில் இது இவருடையது, அது அவருடையது என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள், அந்தப் பிரிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அது. முப்பது ஆண்டுக்கு மேல் கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்தியவன் நான். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு மாணவர் எழுந்து இதையே கேட்பார். உங்கள் மகள் அவர்களைவிட ஐந்தாறு வயது முன்னதாகக் கேட்டுவிட்டாள்.

சுருக்கமான விடை இதுதான்: குறைந்தது இரண்டு ஔவையார் உண்டு. அதில் ஐயத்துக்கு இடமில்லை. மூன்றாமவர், நான்காமவர் என்று எண்ணிக்கொண்டு போவதில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. எப்படி என்று பார்ப்போம்.

பெயரிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வை என்பது முதலில் ஒருத்திக்கு வைத்த பெயரே இல்லை, உறவுச்சொல். சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் "அவ்வை உயிர்வீவும் கேட்டாயோ தோழீ" என்று வருகிறது. அங்கே அவ்வை என்றால் தாய். தெலுங்கு பேசும் வீடுகளில் இன்றும் பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கன்னடத்தில் அவ்வ என்றால் அம்மா. மதிப்புக்குரிய ஒரு பெண்ணை ஊரார் கூப்பிட்ட சொல் பிறகு பெயராக நின்றிருக்கிறது. இப்படிப்பட்ட பெயர் ஒருத்தியோடு முடிந்துபோகாது. பாட வல்ல இன்னொருத்தி வந்தால் அவளையும் அதே சொல்லால்தான் அழைப்பார்கள். பட்டினத்தைச் சேர்ந்தவரெல்லாம் பட்டினத்தார் ஆகலாம் என்பது போலத்தான் இதுவும்.

முதல் ஔவையாரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை நிறைய உண்டு. சங்கத் தொகை நூல்களில் அவர் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. புறப்பாடல்களில் பெரும்பங்கு தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவன் மகனையும் பற்றியவை. தகடூர் இன்றைய தருமபுரி. அகப்பாடல் பாடியவர் வேறொரு ஔவையாராக இருக்கலாமே என்று கேட்டால், குறுந்தொகை 91-ஆம் பாட்டைக் காட்டலாம். காதலனைப் பற்றிய அந்தப் பாட்டுக்குள்ளேயே "நெடுந்தேர் அஞ்சி" வந்துவிடுகிறான். அஞ்சியின் போர்முனையில் இருக்கும் ஊர் இரவில் தூங்காதது போல நீயும் தூங்காமல் கிடப்பாயாக என்று தோழி சொல்கிறாள். அகமும் புறமும் ஒரே கை என்பதற்கு இது வலுவான சான்று. புறம் 99-இல், அதியமான் கோவலூரை வென்றதைப் பரணன் பாடினான் என்கிறார். ஆகவே பரணரும் அவர் காலத்தவர்தான்.

கல்லிலும் ஒரு தடயம் உண்டு. திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்பது வாசகம். அஞ்சி கொடுத்த படுக்கை, அதாவது துறவியர் தங்கும் கற்படுக்கை, என்று பொருள். புறநானூற்றில் மட்டும் படித்த ஒரு பெயர் பாறையில் வெட்டியிருப்பதைப் பார்க்கும்போது மயிர் கூச்செறிகிறது. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பதே பெயர் ஒற்றுமையைப் பற்றி. அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும். தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். கல்லில் இருக்கும் அஞ்சியும் ஔவையாருக்கு நெல்லி கொடுத்த அஞ்சியும் ஒரே ஆள் என்பது பலர் ஒப்பும் கருத்து. ஒரே குடியின் வேறு தலைமுறையாகவும் இருக்கலாம் என்பதற்கு வாசலைத் திறந்தே வைக்க வேண்டும்.

உறுதியானதையும் ஐயமானதையும் ஒரே பாட்டில் பிரித்துக் காட்ட, புறம் 95-ஐத்தான் வகுப்பில் எடுப்பேன். "இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டி" என்று தொடங்கும் பாட்டு. இங்கே இருக்கும் படைக்கலங்கள் மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அங்கே எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இவ்வே, அவ்வே என்ற இரண்டு சின்னச் சொற்களில் ஓர் அரசனைப் புகழ்வது போலவே தலைகுனிய வைத்துவிடுகிறார். இதை எல்லோரும் தொண்டைமானிடம் ஔவையார் தூது போன கதையாகச் சொல்கிறார்கள். பாட்டைத் திரும்பப் படியுங்கள். தொண்டைமான் பெயர் அதில் இல்லை. தூது என்ற சொல்லும் இல்லை. அந்தச் செய்தி பாட்டின் அடிக்குறிப்பில் இருக்கிறது. அடிக்குறிப்பு, பாடல்களைத் தொகுத்தவர்கள் பின்னால் எழுதியது. அவர்களுக்கு வழிவழியாக வந்த செய்தியாக இருக்கலாம் என்பதால் தள்ளிவிட முடியாது. பாட்டுக்குச் சமமான சான்றாக வைக்கவும் முடியாது. "ஔவையார் பாடியது" என்ற சொல்லுக்கும் இதே நிலைதான், அதுவும் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது.

இந்த முதல் ஔவையார் கிழவியா? நம் மனத்தில் இருப்பது கோலூன்றி, நெற்றி நிறைய நீறு பூசிய பாட்டி. கே. பி. சுந்தராம்பாள் நடித்து 1953-இல் வந்த ஜெமினி படம் அந்த உருவத்தை அப்படியே உறுதியாக்கிவிட்டது. புறம் 89-இல் பகையரசன் ஒருவன் "மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி" என்று விளித்து, உங்கள் நாட்டில் போர் செய்வாரும் உண்டோ என்று கேட்கிறான். விறலி என்றால் ஆடிப் பாடும் பெண், இளம்பெண்ணைக் கூப்பிடும் சொற்கள் அவை. கோலால் அடித்தால் அஞ்சாமல் சீறி எழும் பாம்பு போன்ற இளைஞர்கள் உண்டு, பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமையில் காற்று மோதி ஒலித்தால்கூடப் போர் வந்துவிட்டது என்று எழும் என் தலைவனும் உண்டு என்று அவள் விடை சொல்கிறாள். பாடுகிற விறலி ஔவையாரேதானா, அவர் படைத்த பாத்திரமா என்பதில் இரண்டு கருத்தும் உண்டு. கிழவி என்பதற்கு மட்டும் அந்த 59 பாட்டில் எங்கும் ஆதாரம் கிடையாது.

குறுந்தொகை 28-ஐ உங்கள் மகள் இன்னும் சில ஆண்டு கழித்துப் படிக்கட்டும். "முட்டுவேன்கொல், தாக்குவேன்கொல்" என்று தொடங்குகிறது. காற்று சுழன்று அலைக்கழிக்கும் இரவு. என் நோய் தெரியாமல் ஊர் தூங்குகிறது. இந்த ஊரை முட்டுவேனா, தாக்குவேனா, ஏதோ ஒரு சாக்கில் ஆ, ஒல் என்று கத்துவேனா என்கிறாள் ஒரு பெண். ஐந்தே அடி. தமிழில் பிரிவின் தவிப்பை இதைவிட நெருங்கிச் சொன்ன பாட்டை நான் படித்ததில்லை. அறம் செய விரும்பு என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலோடு இந்தக் குரலை ஒட்ட வைக்க முயன்றுபாருங்கள். ஒட்டாது.

சரி, குரல் ஒட்டவில்லை என்பது உணர்வு. சான்று என்ன? இரண்டாம் ஔவையார் தன் காலத்தைத் தானே சொல்லிவிடுகிறார். நல்வழியின் கடைசி வெண்பா, நாற்பதாவது, இப்படி:

தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் - கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்.

திருக்குறள், அப்பர் சம்பந்தர் சுந்தரர் மூவரின் தேவாரம், மாணிக்கவாசகரின் திருக்கோவையார், திருவாசகம், திருமூலரின் திருமந்திரம் எல்லாம் இவர் கையில் இருக்கின்றன. சங்ககாலத்தில் இருந்த ஒருத்திக்கு மூவர் தமிழ் எப்படித் தெரியும்? சுந்தரருக்கும் மாணிக்கவாசகருக்கும் பிறகு, அவர்கள் பாடல்கள் வேதத்துக்கு நிகராக ஏற்கப்பட்ட பிறகு வந்தவர்தான் இதை எழுத முடியும். பெரும்பாலோர் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி இவரை வைக்கிறார்கள். அந்த நூற்றாண்டு முன்னே பின்னே நகரலாம். தேவாரத்துக்குப் பின் என்பது நகராது. அதே நல்வழியின் காப்புச் செய்யுளில், பாலும் தேனும் பாகும் பருப்பும் தருகிறேன், "சங்கத் தமிழ்மூன்றும் தா" என்று பிள்ளையாரிடம் கேட்கிறார். சங்கத்தில் இருந்தவர் சங்கத் தமிழைத் தரச்சொல்லிக் கேட்பாரா?

அந்தப் பிள்ளையார்தான் மாணவர்களுக்கு நான் காட்டும் இன்னொரு அடையாளம். ஆத்திசூடியின் கடவுள் வாழ்த்து, ஆத்திப்பூச் சூடிய சிவன் விரும்பும் பிள்ளையாரைப் பணிகிறது. கொன்றைவேந்தன், கொன்றை சூடிய சிவனின் செல்வனைப் பணிகிறது. மூதுரை "தும்பிக்கையான் பாதம்" என்கிறது. நல்வழி "கரிமுகத்துத் தூமணியே" என்கிறது. நான்கு நூலும் ஒரே வாசலில் நின்று கும்பிடுகின்றன. சங்கப் பாடல்களில் முருகன் உண்டு, கொற்றவை உண்டு, திருமாலும் சிவனும் உண்டு. யானைமுகக் கடவுள் இல்லை. யாப்பும் வேறு. முன்னவர் ஆசிரியப்பாவின் ஓட்டத்தில் பாடியவர். மூதுரையும் நல்வழியும் வெண்பா. வாழ்க்கைமுறையும் வேறு. அதியமான் இறந்தபோது பாடிய புறம் 235-இல், சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று நினைத்து அழுகிறார். "என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கீயும் மன்னே, அம்பொடு வேல்நுழை வழியெல்லாம் தான்நிற்கும் மன்னே". எலும்பும் கறியுமாக விருந்து நடக்கும் இடமெல்லாம் எங்களுக்குத் தந்தான், அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தான் நின்றான். கொன்றைவேந்தனோ "நோன்பென்பது கொன்று தின்னாமை" என்கிறது.

இரண்டாமவரைச் சின்னவராக்க இதைச் சொல்லவில்லை. "ஒருநாள் உணவை ஒழியென்றால் ஒழியாய், இருநாளுக்கு ஏலென்றால் ஏலாய்" என்று தன் வயிற்றோடு பேசும் நல்வழி வெண்பா இருக்கிறதே, பசித்திருந்தவர்தான் அதை எழுதியிருக்க முடியும். ஒருநாளும் என் துன்பம் அறியாத என் வயிறே, உன்னோடு வாழ்வது கடினம் என்று முடிகிறது. அந்தக் குரல் அவருக்கே உரியது. நூற்றாண்டுகளாகத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்த குழந்தைகளுக்கெல்லாம் முதல் வரி எழுதிக்கொடுத்தவர் அவர்தான்.

இனி ஐயமான பகுதி. விநாயகர் அகவல் மூலாதாரம், குண்டலினி என்று யோகநெறி பேசுகிறது. ஔவைக்குறள் எனப்படும் ஞானக்குறளின் 310 குறள்களும் அதே வழியில் போகின்றன. நீதிநூல் எழுதியவரே முதிர்ந்த வயதில் இவற்றையும் பாடினார் என்பார் சிலர். இது வேறொரு யோகினி, இன்னும் பிற்காலம் என்பார் சிலர். பிள்ளையார் பக்தி இருபுறமும் இருப்பதால் முதல் கருத்துக்கு ஓரளவு இடம் உண்டு. சொல்லாட்சியைப் பார்த்தால் என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. இது என் சாய்வு, தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனிப்பாடல்களில் வரும் ஔவையார் இன்னும் சிக்கல். கம்பர், ஒட்டக்கூத்தர் எல்லோரோடும் அவர் வாதாடுகிறார். மாடு மேய்க்கும் பையனாக வந்த முருகனிடம் சுட்ட பழத்தில் தோற்று, "கருங்காலிக் கட்டைக்கு நாணாக் கோடாலி" என்று பாடுகிறார். சேரமான் பெருமாளும் சுந்தரரும் கயிலைக்குப் புறப்பட, பிள்ளையார் துதிக்கையால் தூக்கி இவரை முன்னதாகச் சேர்த்துவிடுகிறார். பாடல்கள் இருக்கின்றன, சில மிக நல்ல வெண்பாக்கள். அவற்றை யார் எழுதினார் என்று நிறுவ வழியில்லை. நல்ல வெண்பா ஒன்று பெயரில்லாமல் அலைந்தால் அது ஔவையார் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டது என்றுதான் கொள்ள வேண்டும். பாரி மகளிர் கதையே போதும். புறநானூற்றில் அந்தப் பெண்களுக்குப் பெயரே இல்லை, அவர்களைக் காத்து அழைத்துப்போனவர் கபிலர். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டும் பாரியின் அடைக்கலப் பெண்ணைக் கபிலர் திருக்கோவலூர்த் தலைவன் மலையனுக்குக் கொடுத்துத் தீப்புகுந்தார் என்கிறது. தனிப்பாடல் மரபில் அவர்கள் அங்கவை, சங்கவை ஆகிறார்கள். மணம் செய்து வைப்பவர் ஔவையார் ஆகிவிடுகிறார்.

உங்கள் மாமியார் சொன்ன நெல்லிக்கனிக்கு வருகிறேன், அது வெறும் பாட்டிக்கதை இல்லை. புறம் 91-இல் பெரிய மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியை, அதன் பயனைச் சொல்லாமல் மனத்துக்குள் அடக்கிக்கொண்டு "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே" என்கிறார். அதற்காகவே "நீலமணி மிடற்று ஒருவன் போல", நஞ்சுண்டும் சாகாத சிவனைப் போல நீ வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறார். பாட்டு சொல்வது அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டு தள்ளி இன்னொரு ஔவையார் வந்தபோது, இருவரையும் ஒருவராக்க மக்களுக்குக் கிடைத்த பசை இந்த நெல்லிக்கனி. கொடுத்தவன் போர்க்களத்தில் போய்விட்டான், வாங்கியவள் பெயர் மட்டும் சாகாமல் இருக்கிறது என்ற அளவில் உங்கள் மாமியார் சொல்வது உண்மையே.

இந்தக் குழப்பம் ஔவையாருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. கபிலர், பரணர், நக்கீரர் மூவரும் சங்கப் புலவர்கள். சைவப் பாடல் தொகுப்பான பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார் என்று மூவர் இருக்கிறார்கள். அந்தக் கபிலதேவர் பாடியவற்றில் ஒன்று மூத்த நாயனார் திருவிரட்டைமணிமாலை. மூத்த நாயனார் என்றால் பிள்ளையார். குறிஞ்சிப்பாட்டின் கபிலர் வேறு, இவர் வேறு என்று உடனே தெரிந்துவிடுகிறது. நக்கீரரில்தான் தொல்லை. திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினோராம் திருமுறையிலும் இருக்கிறது. நெடுநல்வாடை பாடியவரே அதையும் பாடினாரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பட்டினத்தாரில் தெளிவு அதிகம். பதினோராம் திருமுறையில் கோயில் நான்மணிமாலை முதலிய ஐந்து நூல் பாடியவர் ஒருவர், "காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே" என்று பிற்காலத்து எளிய தமிழில் பாடியவர் மற்றொருவர்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு, ஆண்கள் உறங்கிய பின் பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாமல் பச்சரிசி மாவில் கொழுக்கட்டை பிடித்து வைத்துக் கும்பிடுவார்கள். ஆண் எவனும் பார்க்கக் கூடாது, தின்னக் கூடாது, உள்ளே சொல்லும் கதையைக் கேட்கவும் கூடாது. சிறுவனாக இருந்தபோது என்னையும் தம்பியையும் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் படுக்க அனுப்பிவிடுவாள் ஆச்சி. உலக்கைச் சத்தம் மட்டும் கேட்கும். "அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி" என்று நோன்புக்கு நாள் சொல்வார்கள். அந்த ஔவையார் எந்த நூற்றாண்டு என்று ஆச்சியிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். புலவராகப் பிறந்த பெயர் ஓரிடத்தில் அம்மனாகவே ஆகிவிட்டது. அதை இலக்கிய வரலாற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, தள்ள வேண்டியதும் இல்லை.

நான் இவ்வளவு அழுத்திப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாரையும் ஒருத்தியாக்கினால் காணாமல் போவது பாட்டி இல்லை. பாட்டி எப்போதும் வெளியே தெரிவாள். மறைந்துபோவது அந்த முதல் ஔவையார்தான். அரசனோடு அமர்ந்து கள்ளுண்டவள், பகைவன் முன்னால் அஞ்சாமல் வாயாடியவள், தூங்கும் ஊரை முட்டவா என்று கேட்டவள், கொடுத்தவன் செத்தபோது நெஞ்சு வெடிக்க அழுதவள். சங்கப் பெண்பாற் புலவர்களில் மிகுதியான பாடல் கிடைத்திருப்பது அவருக்குத்தான். பிற்கால நீறு பூசிய முகத்துக்குப் பின்னால் அவரை நிற்க வைத்துவிட்டோம்.

தேர்வில் என்ன எழுதுவது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஔவையார் இயற்றிய நூல்கள் எவை என்ற கேள்விக்கு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்று எழுதி, பக்கத்தில் "பிற்கால ஔவையார்" என்று இரண்டு சொல் சேர்த்துவிடச் சொல்லுங்கள். நெல்லிக்கனி பற்றிய கேள்வி வந்தால் "சங்ககால ஔவையார்" என்று தொடங்கட்டும். எந்த ஆசிரியரும் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார். வீட்டில் மூதுரைப் புத்தகம் ஒன்று கட்டாயம் இருக்கும், புறநானூறு இல்லாவிட்டால் உரையோடு கூடிய பதிப்பாக ஒன்று வாங்கி 95-ஆம் பாட்டை அவளிடம் சத்தமாகப் படிக்கக் கொடுங்கள். இவ்வே என்ற இடத்திலும் அவ்வே என்ற இடத்திலும் கொஞ்சம் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.